தந்தை தொழில்: கூலி

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் பேர் எழுதும்போது வகுப்பாசிரியர் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவனின் அப்பாவுக்குச் சொந்தமாக எட்டுத் தறி. அவனுக்கு "பிசினஸ்" என்று எழுதினார். என் முறை வந்தது. "உங்கப்பன் என்ன பண்றான்?" "தறி ஓட்டறாருங்க சார்." "சொந்தத் தறியா?" "இல்லீங்க சார்." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் அம்மா தார் சுத்துகிறவர். அவளுக்கும் அதே ஆறு எழுத்து. கிணற்றுக்கு வெடி வைக்கிறவர் பிள்ளைக்கும் அதேதான், மாநகராட்சியில் குப்பை அள்ளுகிறவர் பிள்ளைக்கும் அதேதான். பாவு பிணைக்கத் தெரிந்த கையும் கல் உடைக்கத் தெரிந்த கையும் அந்தக் கட்டத்துக்குள் போனதும் ஒன்றாகிவிட்டன. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருடைய தாளிலும் அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தை. கூலி.

இதை நான் அவமானமாக அன்றைக்கு நினைக்கவில்லை. எல்லோருக்கும் ரத்த வகை இருப்பதுபோல எங்களுக்கு இது என்றுதான் இருந்தேன். உறைத்தது எம்.ஏ. தமிழ் படிக்கும்போது. வகுப்பில் ஒரு பேராசிரியர், தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் போட்டார். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி, பந்தல், காசு. அப்புறம் அதே மூச்சில் கூலி, பறையர். "ஆங்கில அகராதியே நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறது பாருங்கள்" என்றார். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பட்டியல் இன்றைக்கும் மேடைகளில் போடப்படுகிறது. ஆண்டு மலர்களில் அச்சாகிறது. தமிழ்ப் பெருமிதம் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு கேள்வி கூட எழுவதில்லை. மிளகுத்தண்ணீர் என்ற சொல் வெள்ளைக்காரன் சாப்பாட்டு மேசைக்குப் போனது. கட்டுமரம் கப்பற்காரன் குறிப்பேட்டில் ஏறியது. கூலி எப்படிப் போனது? யார் கொண்டுபோனது? சொல் மட்டும் தனியாகக் கடலைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே ஒரு ஆள் இருந்தான், ஒரு பொம்பளை இருந்தாள். மூட்டையோடு மூட்டையாகக் கப்பலின் அடித்தளத்தில் போனவர்களின் முதுகில் ஏறித்தான் இந்தச் சொல் உலகம் சுற்றியது. அந்த முதுகு யாருடையது என்று கேட்காமல் சொல்லுக்கு மட்டும் மாலை போடுவது என்ன தமிழ்ப்பற்று?

முதலில் சொல்லையே பார்த்துவிடுவோம். தமிழில் கூலி என்பது ஆள் அல்ல. வேலைக்குக் கொடுக்கிற பொருள். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வீட்டு வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போர்டு வைத்திருக்கிறான். அதை வாசிக்கிற எந்தச் சீமாட்டியும் முகம் சுளிப்பதில்லை. குறளில் 619ஆம் பாட்டில் இந்தச் சொல் வருகிறது. தெய்வமே கைவிட்டாலும் உடம்பு வருந்தி உழைத்ததற்கு உரியது கிடைக்காமல் போகாது என்று சொல்கிற இடத்தில் வள்ளுவர் போட்டிருக்கிற சொல் கூலிதான். பரிசு என்றோ பயன் என்றோ போட்டிருக்கலாம். போடவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. கூலம் என்றால் தானியம், மணிமேகலை பாடியவரே கூலவாணிகன்தான், தானியமாக அளந்து கொடுத்ததால் கூலி என்று பாவாணர் வழியில் தமிழாசிரியர்கள் வேர் சொல்வார்கள். சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்து சம்பளம் என்பதும் அதே வழிதான். இந்த வேர் சரியா என்று மொழியியல்காரர்கள் சண்டை போடட்டும். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் சாலரி என்ற சொல்லும் லத்தீன் உப்பிலிருந்து வந்ததுதான். உப்பு வாங்கினவன் அங்கேயும் இங்கேயும் சம்பளக்காரன் ஆனான். தானியம் வாங்கினவன் மட்டும் அங்கேயும் இங்கேயும் கூலிக்காரன் ஆனான். வாத்தியாருக்குச் சம்பளம், எழுத்தாளருக்குச் சன்மானம், புரோகிதருக்குத் தட்சிணை, எங்கப்பனுக்குக் கூலி. நாலும் உழைப்புக்குக் கொடுக்கிற காசுதான். நாலுக்கும் நாலு வாசற்படி.

இதில் ஒரு பழமொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனசில்லாமல் வேலை செய்கிறவனைக் "கூலிக்கு மாரடிக்கிறான்" என்கிறார்கள். கூலிக்கு மாரடித்தது யார்? பண்ணாடி வீட்டில் எழவு விழுந்தால் எங்கள் ஆத்தாக்கள் போய் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நெஞ்சு கன்றிப்போக அடித்தார்கள். அதற்குப் பல சமயம் கூலியே கிடையாது, பழைய சேலையும் ஒரு படி சோளமும்தான். அடித்த மார் எங்களுடையது, பழமொழி அவர்களுடையது.

சரி, ஆங்கில அகராதி என்ன சொல்கிறது? அது தயங்குகிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற பேர்போன அகராதி குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, தமிழ்க் கூலியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழம்புகிறது. பின்னால் வந்த அகராதிகளும் அந்தக் குழப்பத்தையே சுமக்கின்றன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் வாயில் கோலி என்ற பெயரும் தெற்கே கேட்ட கூலியும் ஒன்றில் ஒன்று கலந்திருக்கக்கூடும். எந்த வேரை எடுத்தாலும் நமக்கு ஆறுதல் இல்லை. முதலாவது வேர் என்றால் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் வசவானது. இரண்டாவது என்றால் ஒரு நாள் உழைப்பின் விலை மனிதனின் பெயரானது. பறையர் என்ற பெயர் ஐரோப்பிய மொழிகளில் விலக்கப்பட்டவன் என்ற பொதுச் சொல்லானதும் முதல் வகைதான். நாயைக்கூட அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்.

தமிழில் வேலை செய்கிறவன் கூலியாள், கூலிக்காரன். சொல்லின் வாலில் ஒரு ஆள் நிற்கிறான். ஆங்கிலம் அந்த ஆளை வெட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டது. கொடுக்கிற காசின் பெயரே ஆளின் பெயர். சீனாவிலும் இதே சொல்லைக் கசந்த உழைப்பு என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதிக்கொண்டார்கள். ஒலி பொருந்தியது, பொருளும் பொருந்திவிட்டது. கியூபாவுக்குப் போன சீனனும் கூலி, மொரீஷியசுக்குப் போன பீகாரியும் கூலி, நேட்டாலுக்குப் போன தமிழனும் கூலி. வெட்டிப்போட்ட அந்த ஆள் தமிழுக்கும் திரும்பி வரவில்லை. இப்போது நாமே "தோட்டக் கூலிகள்" என்று எழுதுகிறோம். கூலி என்பதற்குப் பன்மை வந்ததே வெள்ளைக்காரன் கொடுத்த பொருளோடுதான். கூலிகள் என்று எழுதுகிற முற்போக்கு எழுத்தாளர்கள் ஒரு தடவை அந்தச் சொல்லைத் தடவிப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் எங்கள் தாத்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பண்ணையத்து ஆள். வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, ராகி, ஒரு வேட்டி என்று பேச்சு. கவலை இறைத்தார், தொண்டுப்பட்டியில் சாணி அள்ளினார், மாடு செத்தால் தூக்கினார், தோலை உரித்துச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். முன்பணம் வாங்கியதால் வேறு காட்டுக்குப் போக முடியாது. அவருக்குக் கூலி கிடையாது. கடன்தான் உண்டு. ஒரு நாள் அவர் பண்ணையத்தை விட்டு வந்துவிட்டார். எங்க ஆத்தா சாகிற வரைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லும்: "அன்னிக்கிருந்து உங்க தாத்தன் கூலிக்குத்தாண்டா போனாரு. பண்ணையத்துக்குப் போவுல." இந்த வாக்கியத்தில் கூலி என்ற சொல் எப்படி நிமிர்ந்து நிற்கிறது பாருங்கள். கூலிக்குப் போவதென்றால் இன்றைக்கு வேலை, இன்றைக்குக் காசு, நாளைக்கு வரமாட்டேன் என்றால் யாரும் கேட்க முடியாது. நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்கிற உரிமைக்குத்தான் எங்கள் தெருவில் கூலி என்று பெயர் இருந்தது. அதே சொல்தான் மூன்றாவது தலைமுறையில் என் தாளில் ஆங்கிலத்தில் விழுந்தது.

கப்பலேறியவர்களில் பலருக்கும் இந்தக் கணக்குத்தான் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் 1833இல் சட்டம் போட்டு அடிமைகளை விடுவித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1834இலேயே மொரீஷியசுக்கு இந்தியர்களை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனில் நின்றது. முதல் வருசம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருசத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், ஐந்து வருசம் கட்டு. ஆங்கிலேய ஆய்வாளர் ஹ்யூ டிங்கர் 1974இல் எழுதிய புத்தகத்துக்குப் புதிய அடிமை முறை என்றே தலைப்பு வைத்தார். சரிதான். ஆனால் அவர் மேலிருந்து பார்க்கிறார். அடிமைகளுக்குப் பதிலாகக் கூலிகளை வைத்தது முதலாளியின் கணக்கு. ஊரில் பண்ணையடிமையாகக் கிடந்த பறையனும் பள்ளனும் சக்கிலியனும் மாதச் சம்பளம் என்று கேட்டதும் கிளம்பியது அவர்கள் கணக்கு. ஏமாந்தார்கள் என்பது நிஜம். ஊரிலிருந்து தப்பிக்க நினைத்தார்கள் என்பதும் நிஜம். அந்தக் கப்பல் பட்டியல்களில் பேர், அப்பன் பேர், வயது, ஊர் என்பவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. பள்ளிக்கூடத் தாள் ஞாபகம் வருகிறதா?

இலங்கையில் கதை இன்னும் கிட்டத்தில். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தான். கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் நிறுத்தி எண்ணினார்கள். ஒரு நாள் முழு வேலைக்கு அங்கே 'பேர்' என்று சொல். கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்'. இதைவிடக் கச்சிதமாக எந்த அகராதியும் இந்தச் சொல்லை விளக்கிவிட முடியாது. ஆளுக்குக் காசின் பெயர், நாளுக்கு ஆளின் பெயர், கொழுந்து குறைந்தால் பெயரிலேயே பாதி வெட்டு.

தோட்டத்துக்குப் புதிதாக வருகிற சின்னத்துரைமார் தமிழ் படிக்க ஒரு கையடக்கப் புத்தகம் போட்டார்கள். தலைப்பு: 'இங்கே வா'. ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கிற புத்தகத்துக்கு இப்படி ஒரு தலைப்பு வேறு எந்த நாட்டிலாவது உண்டா தெரியாது. "கூலித் தமிழ்" என்ற பெயரிலேயே இன்னொரு புத்தகமும் தோட்டத் துரைமாருக்காக வந்தது. தொல்காப்பியத்திலிருந்து தொடங்குகிற நம் இலக்கண வரலாற்றுப் பாடத்தில் இந்த இரண்டு நூல்களும் இல்லை. இருக்க வேண்டும். தமிழில் ஏவல் ஒருமை எப்படி ஒரு ஆட்சிமுறையாக இருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம். ஒன்று மட்டும்: துரைக்கு முன்னாலேயே இந்த ஏவல் ஒருமை நம் ஊரில் இருந்தது. அவன் பாடப்புத்தகம் போட்டான், பண்ணாடிக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

காந்தியைத் தென்னாப்பிரிக்காவில் கூலி பாரிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இதை நம் பாடநூல்கள் காந்திக்கு நேர்ந்த அவமானமாகச் சொல்கின்றன. அவருடைய சுயசரிதையைத் திருப்பிப் படியுங்கள். அங்கே முஸ்லிம் வியாபாரிகள் தங்களை அராபியர் என்றார்கள், பார்சிகள் பாரசீகர் என்றார்கள். எதற்கு? கூலியோடு சேர்த்து எண்ணிவிடக்கூடாது என்பதற்கு. "எங்களைக் கூலி என்று சொல்லாதே" என்பது ஒரு போராட்டம். "யாரையும் அப்படிச் சொல்லாதே" என்பது வேறு போராட்டம். முதலாவதுதான் எப்போதும் சுலபமாக நடக்கும். அதே புத்தகத்தில் இன்னொரு தகவல். தமிழர் பெயர்களின் வாலில் சாமி இருந்ததால் வெள்ளையர்கள் எல்லா இந்தியரையும் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்களாம். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நீ என்னை எஜமான் என்கிறாய் என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொன்னார்களாம். கொங்கு நாட்டில் யார் யாரைச் சாமி என்று கூப்பிட்டார்கள் என்பது தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தமிழர் 1894இல் முன்பற்கள் உடைபட்டு, ரத்தத்தோடு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்றார். துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. பெரிய மனசுதான். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்க அந்த மனிதனுக்கு யார் பழக்கினார்கள் என்ற கேள்வியை, தேசிய இயக்க வரலாறு எழுதியவர்கள் முழுக்க வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இனி இலக்கியம். முல்க் ராஜ் ஆனந்த் 1935இல் 'தீண்டத்தகாதவன்' எழுதினார். 1936இல் 'கூலி'. முதல் நாவலின் பக்கா மலம் அள்ளுகிற பையன். இரண்டாவதின் முனூ மலைக் கிராமத்து க்ஷத்திரியப் பிள்ளை, அநாதை. வீட்டு வேலை, ஊறுகாய்த் தொழிற்சாலை, பம்பாய் ஆலை, சிம்லாவில் ரிக்ஷா, கடைசியில் காசநோயில் சாவு. உயர்சாதியில் பிறந்தாலும் ஏழைக்குக் கதி இதுதான் என்று காட்டுவது ஆனந்தின் நோக்கம். நல்ல நோக்கம். நாவலும் நம்மை உலுக்கத்தான் செய்கிறது. ஆனால் தீண்டாமைக்கு ஒரு புத்தகம், கூலிக்கு ஒரு புத்தகம் என்று அவர் இரண்டாகப் பிரித்துவிட்டார். எங்கள் தெருவில் இது இரண்டு பேர் அல்ல, ஒரே ஆள்.

பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதவர்களைத் தறிப் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். நாடாவில் ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும் என்று சக தொழிலாளிகளே தடுத்தார்கள். கூலி அதிகம் கிடைத்தது அந்தப் பிரிவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார், எங்கள் ஆட்களுக்கு எல்லாப் பிரிவிலும் வேலை என்பதையும் கோரிக்கையில் சேர் என்றார். தொழிற்சங்கத் தலைவர்கள் மனமில்லாமல்தான் சேர்த்தார்கள். முனூ பம்பாய் ஆலைக்குள் போகலாம். பக்கா போயிருந்தால் எந்தக் கதவு வரை போயிருப்பான்? ஆனந்தின் 'கூலி' வந்த அதே 1936இல்தான் 'சாதி ஒழிப்பு' வந்தது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிப்பது என்று அம்பேத்கர் அதில் சொன்னார். ஒரு நாவலாசிரியர் இரண்டு நாவலில் பிரித்து வைத்ததை அவர் ஒரே வாதத்தில் கோத்துவிட்டார்.

தமிழில் புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' இந்த விஷயத்தில் ஆனந்தைவிட ஒரு படி மேலே என்பேன். திருநெல்வேலிச் சேரியிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற பெண்ணிடம் சாதியும் கூலியும் ஒரே உடம்பில் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ'யை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த பிறகுதான், வால்பாறைக்குச் சுற்றுலா போகிறவர்களில் சிலராவது அந்தப் பச்சைக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று கேட்டார்கள்.

சோமனூருக்கு வருகிறேன். இங்கே கூலி என்ற சொல் சுவரெல்லாம் இருக்கும். 2025 மார்ச்சில் விசைத்தறிகள் நின்றபோது ஏறத்தாழ ஒரு மாதம் ஊரில் சத்தமே இல்லை. குழந்தைகள் தூங்கவில்லை என்றார்கள், தறிச் சத்தம் இல்லாமல் பழக்கமில்லை. கோரிக்கை: கூலி உயர்வு. கடைசியில் சோமனூர் ரகத்துக்கு 15 சதம், மற்ற ரகங்களுக்கு 10 சதம் என்று முடிந்தது. இந்தக் கூலி தறி ஓட்டுகிறவனின் கூலி அல்ல. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடையும் வாங்கி நெய்து கொடுக்கிற தறி உரிமையாளருக்குக் கிடைக்கிற கூலி. "நாங்க கூலிக்கு நெய்யறவங்க" என்று ஃபிளெக்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கஷ்டம் பொய்யல்ல. மின்கட்டணமும் உதிரிபாக விலையும் ஏறிக்கொண்டே இருக்க, பேசிய கூலியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது இங்கே பல வருசக் கதை. அந்தப் பந்தலில் நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்ற அந்த எட்டுத் தறிக்காரர் மகனும் இருந்தான். "நாமெல்லாம் கூலிக்காரங்கதான, மாப்ள" என்றான். பிரியமாகத்தான் சொன்னான்.

அவன் வீட்டில் யாருடைய தாளிலும் அந்த ஆறு எழுத்து விழவில்லை. போராட்ட மேடையில் கூலி என்ற சொல்லை எடுத்து அணிந்துகொள்ளலாம், முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். எங்களால் கழற்ற முடிவதில்லை, ஏனென்றால் அது சாதிச் சான்றிதழோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அந்த 15 சதத்தில் தறி ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு, தார் போடுகிற பெண்ணுக்கு எவ்வளவு என்று எந்த ஃபிளெக்சும் கேட்கவில்லை. கீழ்வெண்மணியில் 1968இல் கூலியை உயர்த்திக் கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு என்ற இரண்டு சொல்லையும் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் பேச்சுவார்த்தை, ஒரு இடத்தில் நெருப்பு.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இங்கே தறிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நிறைய. எங்கள் தெருப் பையன்களே அவர்களை 'வடக்கன்' என்கிறார்கள், பேர் கேட்பதில்லை. அரைப்பேர்கூடக் கொடுக்காத சொல் அது.

பெயரை மாற்றினால் சரியாகிவிடும் என்ற கட்சியும் உண்டு. 2016 ரயில்வே பட்ஜெட்டில், ஸ்டேஷன் கூலிகள் இனிமேல் 'சகாயக்' என்றார்கள். மூட்டை அதே எடை. மொரீஷியசில் 'கூலி காட்' என்ற துறைமுகப் படித்துறைக்கு 'ஆப்ரவாசி காட்' என்று பெயர் மாற்றி, 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. அங்கேயே பிறந்த கவிஞர் கால் தோராபுல்லி இதற்கு நேர்மாறாக, அந்த வசவையே எடுத்துக் 'கூலிட்யூட்' என்று ஒரு இலக்கியக் கோட்பாடாக்கினார். கயானா வம்சாவளிப் பெண் கய்யூத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய புத்தகத்துக்குக் 'கூலி வுமன்' என்றே 2013இல் பெயர் வைத்தார். நாம் தலித் என்ற சொல்லை எடுத்துக்கொண்டதும், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்ததும் இந்த வழிதான். இதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2025இல் ரஜினி நடித்து 'கூலி' என்று படம் வந்து, ஊரெல்லாம் அந்தச் சொல்லைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிந்தபோது எனக்கு எந்தப் பெருமிதமும் வரவில்லை. அந்தப் பனியன் நெய்த திருப்பூர்ப் பெண்ணின் ஷிப்ட் கூலி என்ன என்றுதான் கேட்கத் தோன்றியது.

போன ஜூனில் அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பினோம். கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் கேட்காமலேயே அந்தச் சொல்லை அடித்துவிட்டார். நான் அழிக்கச் சொன்னேன். "வேற என்னங்க போடறது? கவர்ன்மென்ட் வேலையா?" என்றார். அக்காவிடம் கேட்டேன். "தறிக்குத் தார் போடறன், பாவு பிணைக்கறன், அதையே போடச் சொல்லு" என்றாள். கட்டத்தில் அவ்வளவு எழுத்து கொள்ளாது என்றார் அவர். 'விசைத்தறித் தொழிலாளி' என்று போட்டோம். அது கொண்டது. உதவித்தொகைக்குக் கூலி என்று இருந்தால்தான் சுலபம், வருமானச் சான்றிதழோடு பொருந்தாவிட்டால் திருப்பிவிடுவார்கள் என்று அவர் எச்சரித்தார். திருப்பித்தான் அனுப்பினார்கள். இரண்டு தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்து, சான்றிதழிலும் அதையே மாற்றி எழுதி வாங்கினோம். இதழைப் படிக்கிற மாணவத் தோழர்கள் தங்கள் தாள்களை எடுத்து அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், மாற்ற முடிந்தவர்கள் எப்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.